கடைசி வாளித் தண்ணீர்

"வெல்கா, ஆவிக்குளியல்ல குப்புறப் படுத்திருக்கும்போது, தழைக்கட்டால அடிக்க உன் முதுகை யார் கையில கொடுப்பே?"

வில்னிஸ் ஸ்ப்ரோகிஸ் ஒரு முறை அவளிடம் இப்படிக் கேட்டார். அப்போது அவர் லாட்வியாவின் விவசாய அமைச்சர் இல்லை; மாடுகள் திருடுபோன ஒரு பண்ணைக்காரர். துப்பறியும் வெல்கா அந்த மாடுகளைக் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தாள். யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றாள் அவள். வில்னிஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். அதனால்தான் நீ துப்பறிகிறாய், அரசியலுக்கு வந்தால் உன்னைக் கண்டாலே ஆகாதவன் கையில்தான் தினமும் முதுகைக் கொடுக்க வேண்டும், அதற்குப் பெயர்தான் கூட்டணி என்றார்.

வில்னிஸின் அகலமான முதுகு இப்போது தலைநகர் ரீகாவில் பிணவறை மேசையில் கிடந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் முகம் இல்லை.

ஏரிக்கரையில் இருந்த மரத்தாலான ஆவிக்குளியல் குடிலுக்குள் வெல்கா குனிந்து நுழைந்தாள். கொழுப்பு கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. யாரோ வில்னிஸின் பின்மண்டையை விறகுக்கட்டையால் பிளந்திருந்தார்கள். அதோடு விடவில்லை. தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவந்து, கொதிக்கும் அடுப்புக் கற்களின்மேல் முகத்தை வைத்து அழுத்தியிருந்தார்கள். உடம்பு துள்ளி அடங்கும்வரை அழுத்தியிருந்தார்கள். அடுப்பு ஆறிப்போயிருந்தது. கற்களில் தோல் ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

ரைதிஸ் நிலைப்படியிலேயே நின்றுவிட்டான். வெல்காவின் உதவியாளன் அவன். சவ ஊர்வலத்தில் விட்டாலும் நாலு பேரைச் சிரிக்க வைப்பான் என்று பெயரெடுத்தவன். இன்று கொலைகாரன் என்று பிடிபட்டிருப்பது அவனுடைய அண்ணன் மொத்ரிஸ்.

நடந்ததாக எல்லோரும் சொன்ன கதை சின்னதுதான். அரசாங்கத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் மூன்று கட்சிகளின் பெரிய தலைகள் முந்தைய நாள் இந்த ஏரிக்கரை வீட்டுக்கு வந்திருந்தார்கள். மறுநாள் மாலை நாடாளுமன்றத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பு. அதற்கு முன்னால் ஒன்றாகச் சாப்பிட்டு ஒருவர் மனதை ஒருவர் ஆழம் பார்க்க வேண்டுமே. பிரதமர் ஆர்விஸ் ப்ரியேதே, நிதி அமைச்சர் எல்மார்ஸ் லாப்ஸா, உள்துறை அமைச்சர் ஜித்ரா பூட்ஸே, நான்காவது வில்னிஸ். வில்னிஸுக்குக் கார் ஓட்டியவன் மொத்ரிஸ். பொழுது சாயும் நேரத்தில் மொத்ரிஸ் சட்டையெல்லாம் ரத்தத்தோடு குடிலிலிருந்து ஓடிவந்தான். மூடுபனியில் எல்லோரும் அவன்மேல் பாய்ந்தார்கள். பாதுகாவலர், சமையல்காரர், அமைச்சர் என்று வித்தியாசம் இல்லாமல் அடித்து நொறுக்கினார்கள். காரில் கீறல் விழுந்ததற்காக வில்னிஸ் அவனைப் பலர் முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தாராம். காரணமும் கிடைத்துவிட்டது.

"மூணு கட்சியும் ஒரே மனசா ஒரு காரியத்தைச் செஞ்சது இதுதான் முதல் தடவை," என்றான் ரைதிஸ். "எங்கண்ணன் உடம்பு அந்தப் புண்ணியத்தைத் தேடிக்கிச்சு."

சொல்லிவிட்டு அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

உள்துறை அமைச்சர் ஜித்ரா அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு காலத்தில் போலீஸில் வெல்காவுக்கு மேலதிகாரி. பத்து வார்த்தை தேவைப்படும் இடத்தில் இரண்டோடு நிறுத்துகிற பெண்மணி. வெல்காவைக் கூப்பிட்டனுப்பியதே அவர்தான். கேஸ் அவருக்கே செரிக்கவில்லை போலிருந்தது. ஆனால் அதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"சாயங்காலம் வரைக்கும்தான் உனக்கு நேரம்," என்றார். "வாக்கெடுப்பு முடிஞ்சதும் அவனைச் சிறை ஆஸ்பத்திரிக்கு மாத்திடுவாங்க. சிறை என் இலாகா இல்ல. வில்னிஸ் கட்சிக்காரங்க கையில இருக்கு."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தலைவரைக் கொன்றவன் என்று அவர்கள் நம்பும் ஒருவன், அவர்கள் காவலில், மயக்கத்தில். விடிவதற்குள் கதை முடிந்துவிடும். ரைதிஸுக்கு அது புரிந்ததை வெல்கா பார்த்தாள். 

அவள் திரும்பவும் குடிலைச் சுற்றிப் பார்த்தாள். பெஞ்சில் ரத்தம், சுவரில் ரத்தம், மூலையில் உருண்டு கிடக்கும் அகப்பை. இத்தனை அலங்கோலத்துக்கு நடுவில் ஒரே ஒரு பொருள் மட்டும் ஒழுங்காக இருந்தது. கீழ்ப்படியில் ஒரு மரவாளி. விளிம்பு தளும்பச் சுத்தமான தண்ணீர். அதன் வாய்மேல் குறுக்காக, குளிப்பவர் முதுகில் அடிக்கும் பிர்ச் மரத் தழைக்கட்டு ஒன்று, ஓர் இலை உதிராத புதுக்கட்டு.

வாளி நிறைந்திருக்கிறது, தழைக்கட்டு புதிதாக இருக்கிறது, ஆகவே வில்னிஸ் குளிக்கவே ஆரம்பிக்கவில்லை, நுழைந்ததுமே டிரைவர் அடித்துவிட்டான் என்று உள்ளூர் இன்ஸ்பெக்டர் கணக்குப் போட்டிருந்தார். வெல்கா அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிணத்தின் முதுகில் இலை ஒட்டியிருந்ததே, குளிக்காதவர் முதுகில் இலை எப்படி வந்தது? இன்ஸ்பெக்டர் பெஞ்சுக்கு அடியில் எட்டிப் பார்த்தார். அங்கே இன்னொரு தழைக்கட்டு கிடந்தது. நைந்து, பாதி இலை கொட்டி, நன்றாக அடித்து ஓய்ந்த கட்டு. தன் முதுகைத் தானே இப்படி அடித்துக்கொள்ள எந்த மனிதனுக்கும் கை எட்டாது.

வாளியை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வெல்கா வெளியே வந்தாள்.

காரை ரைதிஸ் ஓட்டினான். சாலையின் இரண்டு பக்கமும் பிர்ச் மரங்கள் மஞ்சள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. அந்த வாளியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"குளிச்சு முடிச்சிட்டுக் கடைசியா வெளிய வர்ற ஆள், குடிலைக் காக்கிற சாமி, குடில்தாய்க்கு ஒரு வாளி நல்ல தண்ணியும் புதுத் தழைக்கட்டும் வச்சிட்டு வரணும். நமக்கு அப்புறம் அவ குளிப்பா. உனக்கு யாரும் சொல்லலையா?"

ரைதிஸுக்கும் மொத்ரிஸுக்கும் யாரும் சொன்னதில்லை. ரீகாவில் ஐந்தாவது மாடியில் வளர்ந்தவர்கள். அவர்கள் வீட்டில் குளியல் என்றால் ஒரு தொட்டி, ஒரு குழாய், வெளியே கதவைத் தட்டும் அடுத்த ஆள். குடில்தாய் என்று ஒருத்தி இருப்பதே தனக்கு இப்போதுதான் தெரியும் என்றான். அண்ணனுக்கு அதுவும் தெரியாது என்றான்.

"அதைத்தான் நானும் சொல்றேன். செத்தவர் எழுந்து வந்து வாளியை நிரப்பியிருக்க முடியாது. உங்கண்ணனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அப்போ ஒரு ஆளைக் கொன்னு, முகத்தை அடுப்புல வச்சுப் பொசுக்கி, அதுக்கப்புறம் ஏரிக்குப் போய்த் தண்ணி மொண்டுவந்து தாய்க்கு வச்சது யாரு? சின்ன வயசுல இருந்து கையில ஊறின பழக்கம், ரைதிஸ். மனசு செத்தாலும் கை செய்யும்."

அவன் கியரை மாற்றினான். பிறகு, கொலைகாரன் கடவுள் பக்தன் என்றால் நம் நாட்டில் யாரையும் சந்தேகப்படலாம், எதிர்க்கட்சியைத் தவிர என்றான்.

மருத்துவமனை வாசலில் வில்னிஸின் கட்சிக்காரர்கள் கூடியிருந்தார்கள். ரப்பர் பூட்ஸும் வேட்டைக் கோட்டுமாக, பண்ணையிலிருந்து நேரே வந்த மனிதர்கள். அழுத கண்கள். கையில் கற்கள். ரைதிஸின் முகம் அண்ணனின் அச்சு. காரை விட்டு இறங்கியதும் ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். முதல் கல் கார்க் கண்ணாடியை உடைத்தது. இரண்டாவது ரைதிஸின் நெற்றியில் விழுந்தது. அவன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழ, ஒருவன் அவன் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தான். வெல்கா கார்க் கதவை முழுவேகத்தில் திறந்து உதைத்தவனின் முழங்காலில் அடித்தாள். எலும்பு முறியும் சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அலறி விழுந்த அந்த இடைவெளியில் ரைதிஸைச் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள்.

கட்டுப் போட்டுக்கொண்டு போகச் சொன்ன நர்ஸை ரைதிஸ் ஒதுக்கிவிட்டு நேராக அண்ணன் அறைக்குப் போனான். மொத்ரிஸ் கட்டிலோடு விலங்கிட்டுக் கிடந்தான். தாடை மூன்று இடத்தில் உடைந்து கம்பி போட்டிருந்தது. வலது கை விரல்கள் நசுங்கி மாவுக்கட்டுக்குள் இருந்தன. நாளைக் காலைவரை மயக்கத்திலேயே வைத்திருப்பதாக மருத்துவர் சொன்னார். கால்களில் காயம் உண்டா என்று வெல்கா கேட்டாள். ஒரு கீறல்கூட இல்லை என்றார் அவர்.

வெல்கா போர்வையை விலக்கி அந்தக் கால்களை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"ஓடுறவனைப் பிடிக்கிறவன் காலை அடிப்பான்," என்றாள். "இங்க வாயையும் எழுதற கையையும் அடிச்சிருக்காங்க. எல்லாரும் கும்பலா அடிக்கும்போது ஒருத்தர் மட்டும் யோசிச்சு அடிச்சிருக்காங்க. உங்கண்ணன் குடில்ல இருந்து யாரோ வெளிய வர்றதைப் பார்த்திருக்கான். உள்ள போய்ப் பார்த்து, வில்னிஸைத் தூக்க முயற்சி பண்ணியிருக்கான். அதான் சட்டையில ரத்தம்."

ரைதிஸ் அண்ணனின் நசுங்காத கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து விரலெல்லாம் பிசுபிசுத்தது. கழுவிக்கொள் என்று வெல்கா சொல்லவில்லை. அந்தக் கைகளைப் பார்த்ததும் அவள் மனதில் ஒரு யோசனை விழுந்திருந்தது.

யாருக்கு என்ன லாபம் என்பதை அவள் திரும்பும் வழியில் எடுத்துச் சொன்னாள். இந்த நாட்டில் ஒருவர் அமைச்சரானால், தன் நாடாளுமன்ற நாற்காலியைக் கட்சிப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு விட்டுவிட்டு வருவார். ராஜினாமா செய்தால் நாற்காலி அவருக்கே திரும்பும். வில்னிஸ் நேற்றுச் சாப்பாட்டு மேசையில் அதைத்தான் சொன்னாராம். பதவியை விடுகிறேன், நாளை என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து இந்த அரசாங்கத்துக்கு எதிராக வாக்களிப்பேன் என்று. ஜித்ராவே அதை வெல்காவிடம் ஒப்புக்கொண்டார். அரசாங்கம் நிற்பதே ஒரே ஒரு வாக்கில். வில்னிஸ் உயிரோடு ராஜினாமா செய்தால் அரசாங்கம் கவிழும். செத்துப்போனால், அவர் நாற்காலியில் இருக்கும் சாதுவான மாற்று உறுப்பினர் அப்படியே இருப்பார், சொன்னபடி கை தூக்குவார்.

"ராஜினாமாவை விட மரணம் மேல்னு சட்டமே சொல்லுது," என்றான் ரைதிஸ். "கூட்டணின்னா மூணு பேர் ஒரே போர்வைல படுக்கறதுன்னு நினைச்சேன். போர்வையால மூஞ்சியை அமுக்கவும் செய்வாங்க போல."

ஜித்ரா கொலை நடந்த நேரம் முழுக்கத் தொலைபேசியில் இருந்தார். வீட்டில் பலர் பார்த்திருந்தார்கள். மிச்சம் இரண்டு பேர். இருவருமே குடிலுக்குள் போகவில்லை என்று வாக்குமூலம் கொடுத்திருந்தார்கள். நிதி அமைச்சர் எல்மார்ஸ் லாப்ஸாவைப் பற்றி ஊருக்கே தெரியும். போரில் நாட்டைவிட்டு ஓடிய அகதிகளின் மகன், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் பிறந்து வளர்ந்தவர். பல் விழுந்த கிழவர்கள்கூட இப்போது பேசாத பழைய மொழி பேசுவார். மற்ற அமைச்சர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆவிக்குளியலுக்கு யார் கூப்பிட்டாலும் இதய நோய் என்று நழுவிவிடுவார். கங்காருவுக்கு வெந்நீர் ஆகாது என்பது அமைச்சரவையின் பழைய நகைச்சுவை.

பிரதமர் ஆர்விஸ் நேர்மாறு. கிராமத்தில் பிறந்தவர். தேர்தல் சுவரொட்டியில் வெற்று மார்போடு, கையில் பிர்ச் தழைக்கட்டோடு, குடில் வாசலில் நின்று சிரித்தவர். மண்ணின் மைந்தன் என்று கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"நாட்டோட பிரதமரையா பிடிக்கப் போறோம், முதலாளியம்மா?" என்றான் ரைதிஸ். அவன் குரலில் கேலி இல்லை.

"அவரோட கையைப் பிடிக்கப் போறோம். நான் தலையசைக்கும்போது நீ அந்த வாளிக்குள்ள உன் ரத்தக் கையை விட்டுக் கழுவு. தாய்க்கு வச்ச தண்ணியில ரத்தம் கலக்கறதைப் பார்த்தா, வச்சவர் முகம் சும்மா இருக்காது."

ஜித்ரா அழைத்ததால் மற்ற இருவரும் குடிலுக்கு வந்தார்கள். நாடாளுமன்றத்துக்குப் போகும் வழியில் கொஞ்ச நேரம் என்று சொல்லித்தான் அழைத்திருந்தார். இரண்டு காவலர்கள் வெளியே நின்றார்கள். பிரதமர் ஆர்விஸ் கனத்த மேலங்கியோடு கீழ் பெஞ்சில் ரத்தம் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். எல்மார்ஸ் மெலிந்த உடம்பும் வெள்ளி முடியுமாக, கதவருகே, வெல்காவுக்குப் பின்னால் நின்றார். இந்த இடத்துக்குள் முதல் தடவையாக வருவதாக ஜித்ராவிடம் மெதுவாகச் சொல்வது வெல்காவின் காதில் விழுந்தது. ஜித்ரா சுவரோரம் நின்றார்.

வெல்கா கொலை நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். பின்மண்டை அடி, அடுப்பு, கற்கள். பிரதமர் முகத்தைச் சுளித்தார். வெல்கா அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் தலையசைத்தாள்.

ரைதிஸ் தழைக்கட்டைத் தூக்கித் தரையில் போட்டான். இரண்டு கைகளையும் வாளிக்குள் முழங்கைவரை விட்டான். தண்ணீர் சிவந்தது.

பிரதமர் அதைப் பார்த்தார். ஒரு ரோமம்கூட அசையவில்லை.

"முடிச்சதும் அதை இந்தப் பக்கம் தள்ளு தம்பி," என்றார். "பூட்ஸெல்லாம் சேறு. இப்படியே சபைக்குப் போக முடியாது."

 வெல்கா பிடித்த நூல் அறுந்துவிட்டது. இதோடு எல்லாம் முடிந்தது. சாயங்காலம் வண்டி வந்து மொத்ரிஸைத் தூக்கிப் போகும்.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தாழ்ந்த குரல், கோயிலுக்குள் பேசுவது மாதிரி.

"கையை எடு. அது அவளுக்கு வச்ச தண்ணி."

 பிரதமர் நிமிர்ந்து பார்த்தார்.

"எவளுக்கு, எல்மார்ஸ்?" என்றார். நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

வெல்கா மெதுவாகத் திரும்பினாள். எல்மார்ஸின் உதடு வெளுத்திருந்தது. பார்க்க அருவருப்பாக இருந்தது, அதனால் சொன்னேன் என்றார். நீங்கள் அப்படிச் சொல்லவில்லையே என்றாள் வெல்கா. கம்யூனிஸ்ட் ஆட்சியின் கூட்டுப்பண்ணைப் பொதுக் குளியலறையில் வரிசையில் நின்று வளர்ந்த பிரதமருக்கே தெரியாத விஷயம், வெந்நீர் ஆகாத உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டாள். அவள் அடுத்த வார்த்தையை முடிக்க எல்மார்ஸ் விடவில்லை.

அந்த வயதில் அத்தனை வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுப்பிலிருந்து தலையளவு கல் ஒன்றைப் பிடுங்கி வெல்காவின் முகத்தைக் குறிவைத்து ஓங்கினார். ரைதிஸ் குறுக்கே பாய்ந்தான். கல் அவன் தோளில் இறங்கி, காறை எலும்பு சுள்ளி ஒடிவதுபோல் ஒடிந்தது. வாளி உருண்டது. வெல்கா எல்மார்ஸின் கையைப் பிடித்து முறுக்க, அவர் அவள் காதைக் கடித்து இழுத்தார். கழுத்தில் சூடாக ரத்தம் வழிந்தது. கல் மறுபடி மேலே போனது.

ஜித்ரா சுவரை விட்டு விலகி வந்தார். எல்மார்ஸின் வெள்ளி முடியை இடது கையால் கொத்தாகப் பற்றி, காலைத் தட்டிவிட்டு, அவர் முகத்தை அடுப்புக் கற்களின்மேல் வைத்து அழுத்தினார்.

எல்மார்ஸ் ஊளையிட்டார். "சுடுது... விடு, சுடுது..." என்று கால்களை உதறினார். வெளியே நின்ற காவலர்கள் ஓடிவந்து வாசலில் அப்படியே நின்றுவிட்டார்கள்.

கற்கள் ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தன.

ஜித்ரா கையைத் தளர்த்தினார். எல்மார்ஸ் அடுப்போரம் சரிந்து உட்கார்ந்து, தன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அது இருந்த இடத்திலேயே இருந்தது. அதன் பிறகு அவரை யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

அடிலெய்டில் அவர் அப்பா கொல்லையில் ஒரு குடில் கட்டியிருந்தாராம். அங்கே பிர்ச் மரம் கிடையாது. தைல மரத் தழையைக் கட்டி அடித்துக்கொள்வார்களாம். ஓடிவந்த அகதிகள் ஊரில் இருந்தவர்களை விடக் கெட்டியாகப் பழக்கத்தைப் பிடித்திருந்தார்கள். ஊரில் இருந்தவர்களிடமிருந்து அதைக் கம்யூனிஸ்ட் ஆட்சி அடித்துப் பிடுங்கிவிட்டது, இவர்களிடமிருந்து பிடுங்க ஆள் இல்லை. நாடு திரும்பி, முதல் தடவை அமைச்சர்களோடு குளிக்கப் போனபோது, அவர் தாய்க்கு நன்றி சொல்லி முணுமுணுத்ததைக் கேட்டு அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வில்னிஸ் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து இதய நோய் என்று ஒரு பொய். வில்னிஸோடு மட்டும், யாருக்கும் தெரியாமல் குளியல்.

"நேத்தும் குப்புறப் படுத்துக்கிட்டு, நல்லா அடி எல்மார்ஸ்னான்," என்றார். "அடிச்சேன். ராஜினாமாவை வாபஸ் வாங்குன்னு கெஞ்சினேன். நான் இந்த நாட்டுக்காகச் செஞ்சதெல்லாம் இந்த அரசாங்கத்தோட போயிடும்னு சொன்னேன். அவன் சிரிச்சான். அவனும் சிரிச்சிட்டான்."

"அதுக்கப்புறமா தண்ணி வச்சீங்க?" என்றாள் வெல்கா, காதைப் பொத்திக்கொண்டு.

"கடைசியா வெளிய வந்தவன் நான்தானே," என்றார் அவர். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

பிரதமர் எழுந்து போய், காவலர்களை வெளியே தள்ளி, கதவைச் சாத்தினார். கொஞ்சநேரம் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். பிறகு மிக நிதானமாகப் பேசினார். நடந்தது பயங்கரம் என்றார். நீதி கட்டாயம் நடக்கும் என்றார். ஆனால் இன்று மாலை எல்மார்ஸ் நிதி அமைச்சராகச் சபையில் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் கட்சி கூட்டணியை விட்டுப் போய்விடும், இந்தக் குளிர்காலத்தில் நாட்டுக்கு அரசாங்கமே இருக்காது. வாக்கெடுப்பு முடியட்டும், நாளைக் காலையில் கைது. ஒரே ஒரு இரவுதான்.

"என் அண்ணனுக்கு அந்த ஒரு ராத்திரிதான் இருக்கு," என்றான் ரைதிஸ், தரையில் கிடந்தபடியே.

டிரைவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன், விவசாயக் கட்சித் தலைமையோடு நானே பேசுகிறேன் என்றார் பிரதமர். அவர் குரலே அதை நம்பவில்லை.   வெல்கா ரைதிஸ் அருகில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவன் ஒடிந்த தோளைத் தாங்கிப் பிடித்தாள். இந்தக் கதவைத் திறக்கும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பிரதமர் உள்துறை அமைச்சர் பக்கம் திரும்பினார்.

"ஜித்ரா, நீ ஒருத்தி போதும். நீ சரின்னா இது இந்த நாலு சுவருக்குள்ள இருக்கும். நீ வெளிய போனா இன்னிக்கு ராத்திரி நான் பிரதமர் இல்ல. நீயும் மந்திரி இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லு."

ஜித்ரா யோசித்த மாதிரி தெரியவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்துக் குனிந்து, ரைதிஸின் ஈரம் காயாத உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடிவிட்டார். மொத்ரிஸைக் கட்டிலோடு பிணைத்திருந்த விலங்கின் சாவி அது. பிறகு இடுப்பிலிருந்து இன்னொரு விலங்கை எடுத்தார். ஒரு வளையத்தை எல்மார்ஸின் மணிக்கட்டில் பூட்டினார். மற்றதைத் தன் மணிக்கட்டில் பூட்டினார். அவரை எழுப்பி நிறுத்தினார்.

பிரதமர் கதவை மறித்தபடியே நின்றார். ஜித்ரா அவர் எதிரில் போய் நின்று, கண்ணுக்கு நேரே பார்த்தார். பிரதமர் ஏதோ கேட்டார், மறுபடியும் கேட்டார். கடைசியில் அவர்தான் ஒதுங்கினார்.

மூடுபனி கதவு வழியே உள்ளே வந்தது. விலங்குச் சங்கிலி ஒரு முறை குலுங்க, நிதி அமைச்சரை இழுத்துக்கொண்டு உள்துறை அமைச்சர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வெளியேறினார்.